லைனில் நிற்கிறவள்

சின்ன வயதிலிருந்தே நான் பயந்தாங்கொள்ளி. பலாலி றோட்டில் சைக்கிள் ஓடும்போது பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தால் இறங்கி வேலியோடு ஒட்டிக்கொண்டு நிற்பேன். சோதனை மண்டபத்தில் வினாத்தாள் கைக்கு வருவதற்கு முன்பே உள்ளங்கை நனைந்துவிடும். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். இங்கிலாந்தில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் தமிழருக்கும் அவரைப் பார்க்க வந்த டொக்டருக்கும் நடுவில், உரும்பிராயில் தகரம் போட்ட ஓர் அறைக்குள் இருந்துகொண்டு மொழிபெயர்க்கிறேன். காதில் ஹெட்போன், எதிரில் கணினி, நெஞ்சு நிறையப் பயம்.

இதற்கு முன்பு எனக்கு வேறொரு வேலை இருந்தது. அதையும் இணையத்தில்தான் பிடித்தேன். சிறுவர்களுக்கான கார்ட்டூன்களுக்குத் தமிழில் வசனம் எழுதுவது. வெளிநாட்டு நரியும் முயலும் ஆங்கிலத்தில் சண்டை பிடிக்கும். அவற்றின் வாயசைவுக்குப் பொருந்த, அதே சண்டையைத் தமிழில் பிடிக்க வைப்பது என் பொறுப்பு. நரி முயலை ஏசுகிற இடத்தில் ஒரு சொல்லுக்காக அரைநாள் மினக்கெடுவேன். "விசரா" என்று எழுதினால், வேலை தரும் சென்னை அம்மையார் "குழந்தைகளுக்குப் புரியாதே மேடம்" என்று திருப்பி அனுப்புவார். "மொக்கா" என்று மாற்றுவேன். அதுவும் திரும்பி வரும். கடைசியில் இருவரும் "மண்டூகமே"யில் சமாதானமாவோம். எழுதியதை நரியின் குரலில் நானே சொல்லிப் பார்ப்பேன். அடுப்படியில் அம்மா கரண்டியும் கையுமாக நின்று சிரிப்பார். அந்த வேலையில் எனக்கு ஒருநாளும் பயம் வந்ததில்லை.

ஆனால் நரி தந்த காசு நரிக்கே காணாது. என் கணவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வான் ஓடுகிறார். வீட்டுக் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை. நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு வானைச் சுற்றி வந்து, தேய்ந்துபோன முன் ரயரைக் காலால் அமத்திப் பார்ப்பார். அவ்வளவுதான். அதைப் பார்த்த ஒருநாள்தான் மொழிபெயர்ப்புக் கொம்பனியின் விளம்பரத்துக்கு விண்ணப்பம் போட்டேன். நரியோடு ஒருநாள் முழுக்க மல்லுக்கட்டிச் சம்பாதிப்பதை அவர்கள் ஒரு மணித்தியாலத்துக்குத் தந்தார்கள். எனக்கு ஆங்கிலம் நல்லது, குரல் தெளிவு என்று எடுத்தும்விட்டார்கள்.

அந்த வேலையின் முதல் விதி, நான் என்று ஒருத்தி அங்கே இல்லை என்பது. நோயாளி "எனக்குத் தலை சுத்துது" என்றால், "அவருக்குத் தலை சுற்றுகிறதாம்" என்று சொல்லக் கூடாது. "எனக்குத் தலை சுற்றுகிறது" என்றுதான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இருவரில் ஒருவர் சொன்னது எனக்கு விளங்காவிட்டால் மட்டும், "மொழிபெயர்ப்பாளர் பேசுகிறார்" என்று மூன்றாம் ஆளாக நுழைந்து கேட்கலாம். நோயாளியோடு தனியே கதைக்கக் கூடாது. என்னைப் பற்றிச் சொல்லக் கூடாது. ஆறுதல்கூடச் சொல்லக் கூடாது.

ஆக, தினமும் மத்தியானத்துக்குப் பிறகு, இங்கிலாந்தில் பொழுது விடிந்து டொக்டர்மார் கட்டில் கட்டிலாக வரத் தொடங்கியதும், நான் இந்த அறையில் இருந்து "எனக்கு இரத்தம் போகிறது", "எனக்குக் கட்டி இருக்கிறது", "நான் எவ்வளவு காலம் இருப்பேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருப்பேன். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் கான்சர், ஒப்பரேஷன், பிளட் எல்லாம் எந்த அம்மாவுக்கும் தெரிந்த சொற்கள்தானே. முதல் கிழமையிலேயே கதவடியில் வந்து நின்றார்.

"பிள்ளை, உதுகளை ஏன் உன்ரை வாயாலை 'எனக்கு, எனக்கு' எண்டு சொல்லுறாய்? ஆருக்கோ வந்ததை ஏன் நீ உன்ரை தலையிலை போடுறாய்?"

"அது சட்டம் அம்மா. அப்பிடித்தான் சொல்ல வேணும்."

"உந்தச் சட்டம் போட்டவன் விளக்கு வைக்கிற நேரத்திலை தன்ரை வீட்டிலை உப்பிடிச் சொல்லுவானோ? கேட்டுச் சொல்லு பாப்பம்."

அன்று பொழுதுபட என்னை முற்றத்தில் நிறுத்தி உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி நாவூறு கழித்தார். நான் சிரித்தேன். சிரித்தாலும் அசையாமல் நின்றேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் பயம்தான். ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஒருத்தி தன் வாயால் தனக்கு நோய் வருத்தம் என்று சொல்லலாம்? இரவு கையைத் தடவிக் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் எனக்கு அப்போது வந்ததுதான்.

மற்றப் பயங்களையும் சொல்லிவிடுகிறேன். கரண்ட் போய்விடுமோ என்று பயம். பாண் விற்க வரும் ஓட்டோ பாட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்துவிடுமோ என்று பயம். விசிறியின் சத்தம் கேட்கக் கூடாது என்று அதையும் நிறுத்திவிட்டு, தகரத்தின் கீழ் வியர்த்து ஒழுக இருப்பேன். இவற்றையெல்லாம் விடப் பெரிய பயம், ஒரு சொல் தவறினால் என்ன நடக்கும் என்பது. நரி "மண்டூகமே" என்பதற்குப் பதில் "முட்டாளே" என்றால் ஒருவரும் சாகமாட்டார்கள். இங்கே 'சாப்பாட்டுக்கு முன்' என்பதை 'பின்' என்று மாற்றிச் சொன்னால் என்ன ஆகும்? அழைப்பு முடிந்தபின் சொன்னதையெல்லாம் மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்ப்பேன். அதற்குள் அடுத்த மணி அடித்துவிடும்.

சில மாதம் இரண்டு வேலையையும் சேர்த்தே செய்தேன். பிறகு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடித்தார்கள். மொழிபெயர்ப்புக் கொம்பனி, பயிற்சிக் காலம் முடிந்தது, இனிக் கிழமை நாட்களில் மத்தியானத்திலிருந்து இரவு வரை முழுநேரமாக இருக்க முடியுமா என்று கேட்டது. சென்னை அம்மையார், நரிக்கு நீண்ட புதிய தொடர் ஒன்று வந்திருக்கிறது, முழுவதையும் உங்களுக்கே தருகிறோம், ஆனால் தினமும் மாலைக்குள் வசனம் வேண்டும் என்று எழுதினார். இரண்டும் ஒரே பொழுதுக்கான வேலை. இரண்டு பேருக்கும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் தேவை.

கணவரிடம் கேட்டேன். அவர் வானின் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உமக்கு எது சந்தோசமோ அதைச் செய்யும். காசைப் பாக்காதையும்."

"அப்ப ரயர்?"

"ரயர் ஓடுமட்டும் ஓடும்," என்றார். சொல்லிவிட்டு ரயரைப் பார்க்காமல் இருப்பதற்கு மிகவும் பாடுபட்டார்.

நான் நரியைத்தான் தெரிவு செய்தேன். அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இப்படிப் பயந்து பயந்து சம்பாதித்து என்ன செய்யப் போகிறோம், ரயர் வாங்குவதற்குள் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் என்று தோன்றியது. வேலையை விடுகிறேன் என்று கொம்பனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்தேன். அன்றைய அழைப்புகளை முடித்துவிட்டு அனுப்பலாம் என்று அதைத் திறந்தபடியே விட்டிருந்தேன்.

அன்று வந்தது ஒரு வயதான அம்மாவின் அழைப்பு. நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது என்று முதல்நாள் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். மகன் வேலைக்குப் போய்விட்டான். பக்கத்தில் ஒருவரும் இல்லை. டொக்டர் தொலைபேசியைக் கட்டிலருகே வைத்து ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். இளம் குரல், அவசரக் குரல். சோதனைகள் எல்லாம் நல்லபடி வந்திருக்கின்றன, வீட்டுக்குப் போகலாம் என்றார். நான் சொன்னேன். பிறகு அவர் அந்த அம்மாவையே நேராகப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும். "எனி பெயின்?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார். பல வருடமாக அங்கே இருப்பவராம். பெயின் என்ற சொல்லாவது தெரியாமல் இருக்குமா?

"நோ," என்றார். "நோ, நோ."

"குட்," என்றார் டொக்டர்.

மற்ற ஊர்த் தமிழர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வலி என்று சொல்வது குறைவு. நோ என்போம். தலை நோ, வயிற்று நோ, பல் நோ. நோவு என்ற சொல்லின் வாலைக் கடித்துத் துப்பிவிட்டு, நோ. அந்த அம்மா, நோகிறதா என்று கேட்ட டொக்டருக்கு, நோகிறது, நோகிறது என்று பதில் சொல்லியிருந்தார். டொக்டர் அதை ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்.

டொக்டர் அதற்குள் மாத்திரைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

"மொழிபெயர்ப்பாளர் பேசுகிறார்," என்றேன். "மன்னிக்க வேண்டும் டொக்டர். அவர் தனக்கு வலி இருக்கிறது என்று சொன்னார்."

"இல்லையே. நோ என்றுதானே சொன்னார். நானே கேட்டேன்."

"அவர்களுடைய மொழியில் நோ என்றால் வலி."

ஆங்கிலத்தில் அந்த வசனத்தைச் சொல்லிப் பாருங்கள். பைத்தியக்காரி பேசுவது போலத்தான் இருக்கும். டொக்டர் சிரித்தார். கோபமான சிரிப்பு இல்லை, நம்பாத சிரிப்பு. மூன்றாம் ஆளாகப் பேசுகிற விதியெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "நான் அவருடைய இடத்து ஆள் டொக்டர், எனக்குத் தெரியும், தயவுசெய்து இன்னொரு தரம் கேளுங்கள்" என்றேன். அந்த லைனில் என் சொந்த 'நான்' ஒலித்தது அதுதான் முதல் தரம்.

அவர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். "அம்மா, உங்களுக்கு இப்ப எங்கை நோகுது?"

"இடப்பக்கத் தோளிலையிருந்து தாடை மட்டும் பிள்ளை. காலமை எழும்பினதிலையிருந்து. இப்ப மூச்சும் முட்டுற மாதிரிக் கிடக்கு."

எனக்குத் தோளிலிருந்து தாடை வரை வலிக்கிறது, காலையிலிருந்து, இப்போது மூச்சும் முட்டுகிறது என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். டொக்டரின் குரல் மாறியது. பொறுங்கள், இதோ வருகிறேன் என்றார். காலடிச் சத்தம் தூரப் போனது. தொலைபேசியை அவர் எடுத்துக்கொண்டு போகவில்லை.

லைனில் அந்த அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். ஏதோ ஒரு இயந்திரம் விட்டு விட்டுக் கீச்சிட்டது.

"பிள்ளை, நிக்கிறீரோ?"

விதிப்படி நான் பதில் சொல்லக் கூடாது. அழைப்பு முழுவதும் பதிவாகும் என்பதும் தெரியும்.

"ஓம் அம்மா, நிக்கிறன்."

"நான் நோ எண்டு சொல்ல அவர் குட் எண்டவர் பிள்ளை. என்ன மனிசனடா இவன், எனக்கு நோகுதெண்டால் நல்லதாமே எண்டு நினைச்சன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"நீர் எந்த ஊர் பிள்ளை?"

"உரும்பிராய் அம்மா."

"அட, பக்கத்திலை. நான் கோப்பாய். உங்கடை சந்தைக்குத்தான் எங்கடை அப்பு மரக்கறி கொண்டு வாறவர்." அதற்குப் பிறகு அவர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. "கூடுது பிள்ளை. நோ கூடுது. உவையளைக் கூப்பிடும்."

எங்கிருந்து கூப்பிடுவது? நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "ஹலோ! யாராவது இருக்கிறீர்களா? அவருக்கு வலி கூடுகிறது! யாராவது வாருங்கள்!" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். கடல் கடந்து ஏதோ ஒரு கட்டிலருகே, ஒரு சின்னத் தொலைபேசியின் ஓட்டைக்குள்ளால் என் குரல் எவ்வளவு தூரம் போயிருக்கும்? திரைச்சீலைக்கு அப்பால் போயிருக்குமா? என் அம்மா ஓடி வந்து கதவைத் திறந்து என்னைப் பிடித்துக்கொண்டார். எனக்குத்தான் ஏதோ செய்கிறது என்று நினைத்துவிட்டார். நான் அவர் கையை உதறிவிட்டு இன்னும் கத்தினேன். "அம்மா, நான் கூப்பிடுறன் அம்மா, கேக்குதோ, நான் லைனிலைதான் நிக்கிறன்" என்று தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை. அந்த அம்மாவிடமிருந்து பதில் வரவில்லை.

பிறகு ஓடிவரும் காலடிகள். திரைச்சீலை இழுபடும் சத்தம். பல குரல்கள். ஒரு பெண் குரல் கிட்ட வந்து, "இந்தப் போனில் யார்?" என்று யாரையோ கேட்டது. லைன் அறுந்தது.

திரும்ப எடுக்க வழி இல்லை. அவர்கள்தான் எங்களை எடுப்பார்கள். நாங்கள் அவர்களை எடுக்க முடியாது. எந்த ஆஸ்பத்திரி, எந்த ஊர், அந்த அம்மாவின் பெயர் என்ன, ஒன்றும் எங்களுக்குத் தருவதில்லை. கணினித் திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. இந்த அழைப்பின் ஒலித்தரம் எப்படி இருந்தது என்று கேட்டு, கீழே ஐந்து நட்சத்திரங்களைக் காட்டியது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்று மிச்ச நேரத்துக்கு லைனை மூடிவிட்டேன். அந்த மின்னஞ்சலை அப்போதே அனுப்பியிருப்பேன். விரல் பட்டனில்தான் இருந்தது. இனி ஜென்மத்துக்கும் இந்த ஹெட்போனைத் தொடமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தார். அனுப்புவதற்கு முன், மரியாதைக்காகக் கொழும்பில் இருக்கும் எங்கள் மேற்பார்வையாளரை அழைத்தேன். நல்ல பெண். விதியை மீறியதற்கு ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. பதிவை யாரும் இன்னும் கேட்கவும் இல்லை.

"நான் விட்டால் என்ரை நேரத்துக்கு ஆர் இருப்பினம்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கவலைப்படாதீங்க மிஸ். தமிழுக்கு நிறையப் பேர் காத்துக்கிட்டிருக்காங்க. எல்லா இடத்துலயும் இருக்காங்க. லைன் சும்மா கிடக்காது."

"அவையளுக்கு எங்கடை ஆக்கள் கதைக்கிறது விளங்குமோ?"

"தமிழ்தானே மிஸ்?"

"நோ எண்டால் என்ன எண்டு தெரியுமோ அவையளுக்கு?"

நான் ஏதோ விடுகதை போடுகிறேன் என்று நினைத்திருப்பார்.

"நோன்னா நோதானே மிஸ்?" என்றார்.

போனை வைத்துவிட்டு அப்படியே இருந்தேன். அன்று பிடித்த பயம் அதற்கு முன் எனக்குத் தெரியாத பயம். அதுவரை நான் பயந்ததெல்லாம் எனக்காக. நான் பிழை விடுவேனோ, என் தலையில் பழி விழுமோ என்று. இது வேறு. நாளைக்கு ஒரு கட்டிலில் யாரோ ஒரு கோப்பாய் அம்மா, ஒரு குருநகர் ஐயா, நோ, நோ என்று சொல்வார். குட் என்று ஒருவர் சொல்வார். லைனில் இருப்பவர் நல்லவராக இருப்பார், கெட்டிக்காரராகவும் இருப்பார். அவருக்கு அது காதில் விழவே விழாது. அந்த நேரம் நான் இங்கே இருந்து நரிக்கு ஒரு நல்ல வசவு தேடிக்கொண்டிருப்பேன். பிறகு சிரிப்பதெப்படி, எழுதுவதெப்படி?

வெள்ளிக்கிழமை காலை, கொம்பனிக்கு எழுதி வைத்ததை அழித்துவிட்டு, சென்னை அம்மையாருக்கு, தொடரை என்னால் எடுக்க முடியாது என்று எழுதினேன். எழுதிவிட்டு அழுதேன். "பரவாயில்லை மேடம், வேறொருவரை ஏற்பாடு செய்கிறோம்" என்று உடனே பதில் வந்தது. அவ்வளவு கெதியாக வந்திருக்க வேண்டாம் என்று இருந்தது. அந்தத் தொடர் இப்போது ஓடுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பார்க்கும் சத்தம் மதிலுக்கு மேலால் வரும். நரி நன்றாகத்தான் ஏசுகிறது. நான் என்றால் இன்னும் நன்றாக ஏச வைத்திருப்பேன்.

வானுக்குப் புது ரயர் போட்டாயிற்று. சம்பளத்துக்காகத்தான் நான் இந்த வேலையில் நின்றேன் என்று கணவர் நினைக்கிறார். அதற்காக அவருக்குள் ஒரு கூச்சம் இருக்கிறது, எனக்குத் தெரியும். "எங்களுக்காகத்தானே" என்று ஒருநாள் சொன்னார். நான் மறுக்கவில்லை. காசுக்காக என்றால் எல்லோருக்கும் விளங்கும். பயத்தால் விடாமல் நிற்கிறேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பயந்தவர்கள் ஓடத்தானே செய்வார்கள்?

அந்த அம்மாவுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. ஒவ்வொரு மத்தியானமும் விசிறியை நிறுத்திவிட்டு ஹெட்போனை மாட்டுகிறேன். மணி அடிக்கிறது. மறுபக்கத்தில் ஒரு வயதான பெண்ணின் மூச்சுக் கேட்டால், அவர் வாய் திறக்கும் வரைக்கும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். இதுவரை வந்தவர்கள் எல்லோரும் வேறு ஆட்கள்.